பட்டர் ஃப்ரூட் அக்கா

எங்கள் வரிசையில் எந்த வீட்டிலாவது சாப்பாட்டு நேரத்தில் கைக்குழந்தை வீறிட்டு அழுதால், சற்றைக்கெல்லாம் அந்த வீட்டு வாசலில் அவர் வந்து நிற்பார். சில நாள் கையில் சோப்பு நுரை வழியும். சில நாள் அரிவாள்மணையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருப்பார். முந்தானையில் வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வரலாமா என்று கேட்க மாட்டார். செருப்பை உதறிவிட்டு நேராகக் குழந்தை இருக்கும் இடத்துக்குப் போய், புகட்டும் பாலாடையைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்து, "கைய எடுங்க" என்பார். குரலை உயர்த்திச் சொன்னதே இல்லை. ஆனால் கையை எடுக்கும்வரை அங்கிருந்து நகரவும் மாட்டார்.

குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டு, மூக்கைப் பிடித்து, மூச்சுக்காக அது வாயைத் திறந்ததும் பாலாடையால் கஞ்சியை ஊற்றுவது அப்போது பல வீடுகளில் வழக்கம். நாங்களெல்லாம் அப்படி ஊற்றி வளர்க்கப்பட்டவர்கள்தான். அதைக் கேட்க இவள் யார் என்று வரிசையில் பாதிப் பேருக்கு அவர்மேல் கோபம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தன் வீட்டுக்குள், தன் பிள்ளைக்கு ஊட்டும்போது வேறொருத்தி வந்து கையை எடு என்றால் யாருக்குத்தான் சகிக்கும்? சிலர் கதவைத் தாழ் போட்டுவிட்டு ஊட்டினார்கள். அப்போது அவர் ஜன்னலண்டை வந்து நிற்பார். அது இன்னும் மோசம்.

எண்பதுகளின் கடைசி அது. ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு முதலில் பழகிய முகம் எதிர்வீட்டில் இருந்த அவருடையதுதான். சொந்த ஊர் கொடைக்கானலுக்குக் கீழே ஒரு மலைக் கிராமம். கத்தோலிக்கக் குடும்பம். அவர் கணவர் என் கணவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள். ஆடி மாதம் வந்தால் மலையிலிருந்து அவருடைய தம்பி ஒரு சாக்கு நிறைய வெண்ணெய்ப் பழம் கொண்டுவந்து இறக்குவார். அந்த வரிசையில் அப்படியொரு பழத்தை அதற்கு முன் யாரும் பார்த்திருக்கவில்லை. பச்சைத் தோல், உள்ளே கோலிக்குண்டைவிடப் பெரிய கொட்டை, இனிப்பும் இல்லாத புளிப்பும் இல்லாத சதை. பிள்ளைகள் அவருக்கு 'பட்டர் ஃப்ரூட் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் கணவர் மட்டும்தான்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் எங்களுக்கு விருந்து. இலையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க என்ற ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்தற மாதிரி இருந்துச்சு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறகுதான் கவனித்தேன், தன் பையன்களையும் அவர் சாப்பிடச் சொல்வதில்லை. தட்டு வைப்பார். பசித்தால் உண்பார்கள், இல்லாவிட்டால் எழுந்து போவார்கள்.

பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி இன்னொன்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, கோயிலின் கடைசியில் யாரோ ஒருத்தி குழந்தையின் மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றினாளாம். முன்வரிசையில் இருந்த அக்கா எழுந்து, அத்தனை பேர் பார்க்க, நடுவழியில் நடந்து போய் அந்தப் பெண்முன் நின்றாராம். சாமியார் பேச்சை நிறுத்திவிட்டாராம். அதற்குப் பிறகு அவர் கணவர் விடியற்காலைப் பூசைக்குத் தனியாகப் போக ஆரம்பித்தார் என்று சொல்லி அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ ஒரு பயம்தான் வந்தது.

என் மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் கடும் வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வற்றிவிட்டது. அது நின்ற பிறகு தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வாங்கவில்லை. ராகிக் கூழ், இட்லி, பருப்புச் சோறு, டப்பாவில் வரும் மாவு, எதைக் கொண்டுபோனாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடுங்குவாள். ஏழாவது மாதம் முடிந்தபோது எடை ஏறவே இல்லை. மருந்தகத்து டாக்டரம்மா அவளுடைய தொடையைக் கிள்ளிப் பார்த்தார். தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. "அடுத்த தடவையும் ஏறலன்னா பெரியாஸ்பத்திரியில சேத்துடலாம்" என்றார்.

பயந்துபோன என் கணவர் கொரட்டூரிலிருந்து தன் அக்காவை அழைத்து வந்தார். தாயில்லாத தம்பியை வளர்த்தவர் அவர்தான். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நாலு பிள்ளை பெற்று வளர்த்தவர். பாசம் உண்டு, கை வேகமும் உண்டு. வந்த அன்றைக்கே பாலாடையை வெந்நீரில் கழுவினார்.

"நீ அந்தாண்ட போ. பெத்தவ பாத்துகினு இருந்தா கொயந்த துன்னாது" என்றார்.

நான் சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். பொத்தினாலும் கேட்டது. அழுகை, இடையில் ஒரு களகள சத்தம், மறுபடி அழுகை. பிறகு வாசலில் செருப்பு உதறும் சத்தம்.

"கைய எடுங்க."

"இன்னாம்மா, யாரு ஊடுன்னு நெனச்சுகினு உள்ள வந்த?"

"கைய எடுங்க."

"எங்க ஊட்டுக் கொயந்த. எங்களுக்குத் தெரியும். நீ போம்மா."

நான் வெளியே வந்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தார். அண்ணியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. குழந்தையின் மூக்கைப் பிடித்திருந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் வெளுத்திருந்தன. கடைசியில் அண்ணிதான் கையை எடுத்தார். குழந்தை இருமி, வாயிலிருந்ததையெல்லாம் கக்கியது.

மறுநாள் அக்கா ஒரு கிண்ணத்தோடு வந்தார். அரிசி டின்னுக்குள் புதைத்துப் பழுக்க வைத்த பழம். காம்பு ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கியது. இரண்டாக அரிந்து, சதையைக் கரண்டியால் வழித்து, கட்டியில்லாமல் மசித்தார். என்னைப் பார்த்து, "உன் பால் கொஞ்சம் விடும்மா. வாசனை பழகினதா இருக்கும்" என்றார். சர்க்கரை கிடையாது, உப்பு கிடையாது. குழந்தையை என் மடியில் நிமிர்த்தி உட்கார வைக்கச் சொல்லி, கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து, அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். கரண்டி பின்தொடரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றது. அக்காவின் முழங்கை நடுங்கத் தொடங்கியது, அப்போதும் இறக்கவில்லை. அண்ணி வாசற்படியில் நின்று உச்சுக்கொட்டினார். தெருவில் கீரைக்காரி போனாள், தபால்காரர் போனார். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவேயில்லை. "வரேம்மா" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் மறுபடி வந்தார். அன்றைக்கு என் மகள் கரண்டியைத் தொட்டாள். பிறகு ஒரு நாள் தன் விரலை நக்கினாள். இன்னொரு நாள் வாயைத் திறந்து, கரண்டியை ஈறால் கடித்து, பச்சையாகக் கொஞ்சம் உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அக்கா, "அழாத, அவ பயந்துருவா" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பட்டர் ஃப்ரூட்டா? தாராளமா குடுங்க. நல்லா மசிச்சு, கொஞ்சம் கொஞ்சமா. ஒடம்புல ஏதாவது தடிப்பு வருதான்னு பாத்துக்கங்க" என்றார். ஒன்றும் வரவில்லை. நம்பிக்கை வர ஆரம்பித்த அந்தச் சமயத்தில்தான் ரேஷன் கடையிலிருந்து அண்ணி மூச்சிரைக்க வந்தார்.

சென்னைக்காரர்கள் வாயில் பழம் 'பயம்' ஆகிவிடும். அந்த வாரம் அது எங்கள் வீட்டுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

"அந்தப் பயத்த இனிமே கொயந்த வாயில வெக்காத" என்றார் அண்ணி. "அவ மொதக் கொயந்த செத்துப்பூட்டுச்சாம். இவளே குடுத்துக் கொன்னுட்டாளாம். கடையாண்ட எல்லாரும் சொல்றாங்கோ. இந்தப் பயத்தத் துன்னுதான் செத்துச்சாம்."

சாயங்காலம் வந்த என் கணவர் காதிலும் அது விழுந்தது. கையிலிருந்த காப்பியை அப்படியே கீழே வைத்தார். "இனி அவங்க நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே போய்க் கேக்கிறேன்" என்றேன்.

எதிர்வீட்டுக்குப் பல தடவை போயிருக்கிறேன், அன்றைக்குப் போல் ஒரு நாளும் போனதில்லை. அவர் பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆமாம்மா" என்றார். "ஒரு பொம்பளப் பிள்ள போச்சு. பழத்தால இல்ல. என் கையால."

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் மேலே பேசினார்.

"காப்பிப் பழம் பறிக்கிற நேரம். விடிஞ்சதும் வேன் வந்து நின்னுரும். அன்னைக்கு நான் பிந்திட்டேன். மேஸ்திரி கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. கஞ்சி பாதி இருக்கு. பிள்ள வாயத் தொறக்க மாட்டேங்குது. மாமியார், மூக்கப் புடிச்சு ஊத்திட்டுப் போடின்னாங்க. அவங்களக் குத்தம் சொல்லல, எல்லாரும் செய்யிறதுதான். ஊத்தினேன். அழுதுக்கிட்டே முழுங்குச்சு. அடுத்த பாலாடையும் ஊத்தினேன். அப்புறம் அழல."

வெளியே தொழிற்சாலைச் சங்கு ஊதியது. ஷிப்டு விட்டுச் சைக்கிள்கள் வரும் சத்தம் கேட்டது.

"முழுங்கிருச்சுன்னு நெனச்சேன்மா. வாயத் தொடச்சு விட்டேன். தொட்டில்ல போட்டேன். வேனுக்கு ஓடிட்டேன்."

பிறகு அவரே, "நாளைக்கு நான் வரல. நீ கவலப்படாத" என்றார். உள்ளே போய் ஒரு பழத்தையும் அந்தச் சின்னக் கரண்டியையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "குடுக்கிறதும் குடுக்காததும் உன் இஷ்டம். குடுத்தா, நீயே குடு."

தொண்ணூறுகளின் நடுவில் அவர் கணவர் ஓய்வு பெற்று அவர்கள் மலைக்கே திரும்பிப் போனார்கள். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் முகம் இப்போது கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது. ஆனால் "அப்புறம் அழல" என்றபோது இருந்த அந்தக் குரல் அப்படியே இருக்கிறது. என் வீட்டில் யார் சாப்பிடும்போது இருமினாலும் அது என் காதில் கேட்கும்.

அன்று வீட்டுக்குத் திரும்பி அக்கா சொன்னதையெல்லாம் சொன்னேன், இரவு முழுக்க அதே பேச்சுதான். என் கணவர் பயத்தில் கோபப்பட்டார். "அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல, அப்புறம் என்ன" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவங்களே ஒத்துக்கிட்டதுதான் அவரை நம்ப எனக்குப் போதுமானதாக இருந்தது. அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எடை பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் என் கணவர் வேலைக்குப் போனதும் முன் வராந்தாவில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். மகளை மடியில் நிமிர்த்தி வைத்தேன். பழத்தை நானே மசித்தேன். அவசரத்தில் சரியாக மசியவில்லை போலிருக்கிறது. அண்ணி பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தினார். "இத்த எத்தினி நாளு பாக்கப் போற? இன்னிக்கு அது துன்னலன்னா நான்தான் ஊத்துவேன்" என்றார்.

எதிரே அக்கா தன் வீட்டுக் கேட்டருகே வந்து நின்றார். தெருவைத் தாண்டவில்லை. கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கரண்டியை நீட்டினேன். மகள் அதைப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பாராமல் கிண்ணத்துக்குள் கையை விட்டு, அள்ளியதை அப்படியே வாயில் திணித்துக்கொண்டாள்.

அடுத்த நொடி அவள் முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. நாக்கு வெளியே வந்தது. தொண்டையிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம்.

"ஐயோ, அடச்சுகிச்சு" என்று அண்ணி பாலாடையை எறிந்துவிட்டு, விரலைக் குழந்தையின் வாய்க்குள் விடப் போனார்.

"தொடாதீங்க." எதிர்ப்பக்கத்திலிருந்து அக்காவின் குரல். அப்போதும் அது உயரவில்லை, ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. "சத்தம் வருதுல்ல? சத்தம் வர்ற வரைக்கும் தொடாதீங்க. விரல விட்டா உள்ள போயிரும். அவளே தள்ளிருவா."

அண்ணியின் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். எனக்குள் அவ்வளவு பலம் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. "உட்றி, கொயந்த பூடும்" என்று அண்ணி இழுத்தார். நான் விடவில்லை. எதிரே பார்த்தேன். அக்காவின் உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. கேட் கொண்டி திறந்தே கிடந்தது. ஒரு பத்தடிதான் தூரம். அழுகை கேட்டாலே எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும் அந்தப் பெண், அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஓங்கரிப்பு இன்னொரு முறை வந்தது. பிறகு ஒரு இருமல். பச்சையாக ஒரு கட்டி நாக்கின்மேல் உருண்டு வந்து மோவாயில் விழுந்தது.

மகள் மூச்சு வாங்கினாள். கண்ணில் நீர் நின்றது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மோவாயைத் தடவி, அந்தக் கட்டியைக் கண்டுபிடித்து, விரலால் நசுக்கிப் பார்த்து, திரும்பவும் வாயில் வைத்துக்கொண்டாள். இந்த முறை மென்றாள். அவளுக்குப் பல் கிடையாது, ஈறால் மென்றாள். விழுங்கினாள். கரண்டியைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அண்ணி என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எதிர்க் கேட்டருகே யாரும் இல்லை. அக்கா உள்ளே போயிருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் நானே கொடுத்தேன். அக்கா வரவில்லை. பழம் மட்டும் அவருடைய பெரிய பையன் கையில் வரும். அண்ணி வாங்கி அரிசி டின்னில் போடுவார். பழத்தோடு கொஞ்சம் சாதம், பிறகு சாதத்தோடு கொஞ்சம் பருப்பு என்று அவள் மெல்ல வாங்கிக்கொண்டாள். பாலாடை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அதை அங்கே வைத்தவர் அண்ணிதான்.

எடை பார்க்கும் நாளில் அண்ணியும் கூட வந்தார். தராசுத் தட்டின் குளிர் பட்டு மகள் கத்தினாள். டாக்டரம்மா முள்ளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை நிறுத்தார். "ஏறியிருக்கு. கொஞ்சம்தான், ஆனா ஏறியிருக்கு. ஆஸ்பத்திரி வேணாம். இப்படியே போங்க" என்றார். நான் அங்கேயே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி குழந்தையை வாங்கிச் சட்டை போட்டுவிட்டார்.

எங்கள் வரிசைக்குத் திரும்பியதும் அக்கா தெரிந்தார். கேட்டருகே நின்றிருந்தார். எடை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

அண்ணி குழந்தையை என் தோளில் மாற்றிவிட்டு, தெருவைக் கடந்து நேராக அந்தக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"தண்ணி குடும்மா. வெயிலு" என்றார்.

அக்கா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணி கூடத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பை மடியில் வைத்துக்கொண்டார். நான் வாசலில் நின்றேன். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அது அவருக்கு வராது என்றும் தெரியும்.

"ஒம் பொண்ணுக்கு இன்னா பேரு வெச்சிருந்த?" என்று கேட்டார்.

அக்கா கையை முந்தானையில் துடைத்தார். ஈரம் ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"லூர்து" என்றார். "இத்தன வருசத்துல யாரும் கேட்டதில்ல. லூர்தம்மான்னு கூப்புடுவோம்."

"பல்லு வந்துகினு இருந்திச்சா?"

"கீழ ரெண்டு."

"எம் பெரியவனுக்கும் கீய ரெண்டுதான் மொதல்ல வந்திச்சு" என்றார் அண்ணி. "தவழுமா?"

அக்கா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தவழ மாட்டாள், உட்கார்ந்தபடியே நகர்ந்து அடுப்பங்கரை வரைக்கும் வந்துவிடுவாள் என்று சொல்ல ஆரம்பித்தார்.